'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா?

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ் வழியில்தான். இங்கிலாந்தில் உள்ள பையருக்கு அண்மையில் இரண்டு செட் சாம்பிள் அனுப்பியிருந்தோம். முதல் செட் நன்றாக இருப்பதாக எழுதிய அவர், அடுத்த வரியில் 'வீ வேர் அ பிட் புட் ஆஃப் பை த ஸ்மெல் ஆவ் த செகண்ட் செட்' என்று எழுதியிருந்தார். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுதல் என்று படித்திருந்ததால், இரண்டாவது செட்டை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். 'ஓகே, வீ வில் புட் ஆஃப் த செகண்ட் செட்' என்று பதிலும் போட்டுவிட்டு, அந்த ஸ்டைலுக்கான வேலையையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பையர் எங்கள் முதலாளியை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, "துணியில் வாடை அடிக்கிறது என்று குறை சொன்னால், தாமதம் செய்கிறோம் என்று பதில் வருகிறதே" என்று கேட்டிருக்கிறார். கறை எடுக்கத் தெளித்த திரவத்தின் வாடை துணியில் தங்கியிருந்தது அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இனி இப்படிப்பட்ட சொற்களே வேண்டாம், எல்லா இடத்திலும் 'போஸ்ட்போன்' என்றே எழுது என்கிறார் முதலாளி. வாடை எப்படி ஒன்றைத் தள்ளிப்போடும்? இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்தான் இருக்கிறது? இவற்றை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் பள்ளியில் கற்றது தவறில்லை. 'புட் ஆஃப்' என்பதற்குத் தள்ளிப்போடுதல் என்ற பொருள் உண்மையாகவே உண்டு. அன்றாடம் புழங்கும் பொருளும் அது. ஆனால் ஒரு வினைக்கு எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழக்கம்தான் உங்களை இந்த வரியில் கைவிட்டது. தமிழ் வழியில் படித்ததை ஒரு குறை போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆங்கில வழியில் படித்துப் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்களும் இதே போன்ற வரிகளில் இடறுவதை வேலைக்குச் செல்வோருக்கான என் வகுப்புகளில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, ஒரு வினையின் பின்னால் சிறு சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடும் இந்தக் கூட்டுகள்தாம் அயல்மொழியாருக்கு மிகுந்த இடர் தருகின்றன என்று முன்னுரையிலேயே எழுதினார். இவற்றைக் குறிக்க இன்று நாம் சொல்லும் 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் எடுத்தாண்டார். அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் குறித்திருக்கிறார். அகராதி செய்தவர்களையே நின்று யோசிக்க வைத்த இடம் இது என்பதால், இதில் தவறியதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் பையரின் வரியைப் பார்ப்போம். அந்த வாக்கியத்தின் எழுவாய் 'வீ', அதாவது 'நாங்கள்'. 'வேர் புட் ஆஃப்' என்பது செயப்பாட்டு வினை. 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது, அந்தச் செயலைச் செய்தது எது என்பதைச் சொல்கிறது. இங்கே அது வாடை. ஆகவே தள்ளப்பட்டவர்கள் 'நாங்கள்', தள்ளியது வாடை. இரண்டாவது செட் என்பது அந்த வாடை எதிலிருந்து வந்தது என்பதைக் காட்ட மட்டுமே வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. தமிழில் சொன்னால், 'இரண்டாவது செட்டின் வாடையால் எங்களுக்குச் சற்று மனம் ஒட்டாமல் போயிற்று' என்று வரும். வீட்டுப் பேச்சில் என்றால், 'அந்த வாடை மூக்கில் ஏறியதும் எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை' என்போம். தள்ளிப்போடச் சொல்வது அவர் எண்ணமாக இருந்திருந்தால், 'வீ வுட் லைக் டு புட் ஆஃப் த செகண்ட் செட்' என்று எழுதியிருப்பார். அங்கே 'நாங்கள்' தள்ளுகிறவர்கள், செட் தள்ளப்படுவது. 'புட்' என்ற வினை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் செயப்பாட்டு வடிவிலும் உருமாறாமல் ஒரே மாதிரி நிற்பதால், அதற்கு முன்னால் 'வேர்', 'வாஸ்', 'ஆம்', 'ஆர்' போன்ற சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம். இருந்தால், எழுவாயின் இடத்தில் இருப்பவர்தான் அந்த வினைக்கு ஆட்பட்டவர்.

அந்த வரியில் இன்னும் ஒரு சிறிய சொல் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 'அ பிட்' என்றால் கொஞ்சம் என்று பொருள். பிரிட்டனில் வணிகக் கடிதம் எழுதுவோர் குறை சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். 'கொஞ்சம்' என்று அவர்கள் எழுதும் இடத்தில் பெரும்பாலும் முழு அதிருப்தி இருக்கும். நம் ஊரில் ஒரு பெரியவர் சாப்பிட்டு எழுந்து, 'உப்பு மட்டும் ஒரு கல் கூடிப்போச்சு' என்றால் வீட்டார் என்ன புரிந்துகொள்வார்களோ, அதையே இந்த 'அ பிட்' என்பதிலும் புரிந்துகொள்ள வேண்டும். இப்படிக் குரல் தாழ்த்திச் சொன்ன குறைக்கு, 'சரி, அந்தச் செட்டைத் தாமதப்படுத்துகிறோம்' என்று நீங்கள் பதில் எழுதியதாகத்தான் அவர் படித்திருப்பார். அவர் முதலாளியை அழைத்ததில் வியப்பில்லை.

வாடை எப்படித் தள்ளிப்போடும் என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அதற்குள்ளேயே விடை இருக்கிறது. 'ஆஃப்' என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் விலகல், ஒன்றிலிருந்து நீங்கி அப்பால் இருத்தல். 'துணியின்' என்பதில் வரும் நம் 'இன்' உருபைப் போல ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆவ்' என்ற சொல்லும் இந்த 'ஆஃப்' என்ற சொல்லும் பழங்காலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை. அழுத்திச் சொன்ன உருவம் 'ஆஃப்' என்று தனியே பிரிந்து, விலகல் என்ற பழைய பொருளை வைத்துக்கொண்டது. 'புட்' என்பது போடுதல் அல்லது வைத்தல். ஆகவே 'புட் ஆஃப்' என்பதன் வேர்ப்பொருள் 'விலக்கி வைத்தல்', 'அப்பால் போடுதல்'. இதைப் பிடித்துக்கொண்டு, வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இங்கே விலக்கப்படுவது எது, அது எதிலிருந்து விலக்கப்படுகிறது?

விலக்கப்படுவது ஒரு கூட்டமோ பயணமோ வேலையோ என்றால், அது இன்றைய நாளிலிருந்து விலக்கப்பட்டு இன்னொரு நாளில் போடப்படுகிறது, அதுதான் தள்ளிப்போடுதல். விலக்கப்படுவது ஒரு மனிதர் என்றால், அவருடைய விருப்பம் அல்லது கவனம் ஒன்றிலிருந்து விலக்கப்படுகிறது. வாடை உங்கள் பையரை அந்தத் துணியிலிருந்து விலக்கியது. வாசலில் கிடக்கும் குப்பை வாடிக்கையாளரைக் கடையிலிருந்து விலக்கும். விலைப்பட்டியலைப் பார்த்ததும் வாங்க வந்தவரின் ஆசை விலகும். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' பொருந்தும். இப்படி முகம் சுளிக்க வைக்கும் தன்மையைக் குறிக்க 'ஆஃப்-புட்டிங்' என்ற பெயரடையும் உண்டு. ஒருவருடைய பேச்சின் தோரணை 'ஆஃப்-புட்டிங்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், அவரோடு பழக மனம் வரவில்லை என்று பொருள்.

தமிழிலும் இது புதிதன்று. 'தள்ளிப்போடு' என்ற நம் வினையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். தள்ளுவது ஒரு செயல், போடுவது ஒரு செயல். இரண்டும் சேர்ந்ததும் கையால் தள்ளுவதும் இல்லை, கீழே போடுவதும் இல்லை. காலத்தில் ஒன்றைப் பின்னுக்கு நகர்த்துவது என்ற மூன்றாவது பொருள் பிறந்துவிடுகிறது. 'புட்' இருக்கும் இடத்தில் நம்மிடம் 'போடு'. 'ஆஃப்' இருக்கும் இடத்தில் 'தள்ளி'. உங்கள் முதலாளி பரிந்துரைக்கும் 'போஸ்ட்போன்' என்ற சொல்லைப் பிரித்தாலும் இதுவே கிடைக்கும்: லத்தீனில் 'போஸ்ட்' என்றால் பின்னால், 'போனெரே' என்றால் வைத்தல். நாம் 'ஒத்திவை' என்று சொல்லும்போதும் முடிவில் 'வை' என்றே சொல்கிறோம். காலத்தைப் பொருள் வைக்கும் இடம் போலப் பார்க்கும் வழக்கம் இந்த மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' என்பதற்கு உடையையோ செருப்பையோ கழற்றுதல் என்ற பொருளும் வழங்கியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எரியும் முட்செடியின் அருகே நிற்கும் மோசேயிடம் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் இந்த வினைதான் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் 'கழற்றிப்போடு' என்று இருக்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் உடை கழற்றுவதற்கு 'டேக் ஆஃப்' என்பார்கள். நீங்கள் கடிதத்தில் 'புட் ஆஃப்' என்பதை அந்தப் பொருளில் எழுத வேண்டிய தேவை வராது. ஆனாலும், உடலிலிருந்து விலக்கிப் போடுதல், நாளிலிருந்து விலக்கிப் போடுதல், விருப்பத்திலிருந்து விலக்கிப் போடுதல் என்று இந்தப் பொருள்கள் ஒரே மரத்தின் கிளைகளாக நிற்பதைக் காணும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியே உருப்போட வேண்டிய சுமை குறைந்துவிடும்.

இன்னும் சில பயன்பாடுகள் உங்கள் கண்ணில் படலாம். கவனத்தைச் சிதறடித்தல் அவற்றில் முக்கியமானது. கிரிக்கெட்டில் பந்து வீசப்படும் நேரத்தில் சைட் ஸ்கிரீன் அருகே யாராவது நடந்தால், மட்டையாளர் கையைத் தூக்கி விலகி நிற்பார். அந்த நடமாட்டம் அவரைப் 'புட் ஆஃப்' செய்தது என்று ஆங்கில வர்ணனையில் சொல்வார்கள். பேக்கிங் பிரிவில் ஒருவர் துண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பேசினால் எண்ணிக்கை தவறுமே, அதற்கும் இதே வினை. இங்கும் விலக்கப்படுவது மனிதர்தான். விருப்பத்திலிருந்து அன்று, செய்துகொண்டிருக்கும் காரியத்திலிருந்து விலக்கப்படுகிறார்.

என்னிடம் படித்த ஓர் இளைஞர், ஒரு நேர்காணலில் எதிரே இருந்த அதிகாரி, 'ஐ டோன்ட் வான்ட் டு புட் யூ ஆஃப், பட்' என்று தொடங்கியதும், நேர்காணலை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள் என்று எண்ணி, சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த வேலையில் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்க வேண்டும் என்பதைத்தான் அதிகாரி சொல்ல வந்தார். 'உங்களைத் தயங்க வைப்பது என் நோக்கமில்லை. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்' என்பது அந்தத் தொடக்கத்தின் பொருள். 'யூ' என்ற சொல் நடுவில் வந்ததுமே, தள்ளப்படுவது நேர்காணல் அன்று, தாமே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மீண்டும் உட்கார்ந்து பேசினார் என்றாலும், அந்தப் பதற்றத்திலிருந்து கடைசி வரை மீளவில்லை என்று என்னிடம் சொன்னார். திறமைசாலியான பிள்ளை. ஒரு சிறு சொல்லைக் கற்றுக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் இந்த வினைகளை வகுப்பில் பட்டியலாகச் சொல்லிக் கொடுப்பதை நான் நிறுத்தினேன்.

மனிதரைச் செயப்படுபொருளாகக் கொண்டு வரும்போது எப்போதும் மனவிலகல்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாக இருந்த விருந்தினரிடம், 'இந்த வாரம் வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிடுவதற்கும் அந்த விருந்தினரைப் 'புட் ஆஃப்' செய்தல் என்றே பெயர். பணம் தர வேண்டியவர் இன்று வா, நாளை வா என்று சாக்குச் சொல்லி அலைக்கழிப்பதும் இதுதான். நாம் 'தட்டிக்கழித்தல்' என்போம். பேருந்து ஓட்டுநர் ஒருவரை ஒரு நிறுத்தத்தில் இறக்கிவிடுவதும் பிரிட்டிஷ் வழக்கில் 'புட் ஆஃப்'. விளக்கை அணைப்பதற்கும் இது நம் நாட்டில் நிறையவே வழங்குகிறது. தமிழில் 'லைட்டைப் போடு' என்று சொல்லிப் பழகிய நமக்குப் 'புட் ஆன்', 'புட் ஆஃப்' இரண்டும் இயல்பாக வந்துவிடுகின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வெளிநாட்டவரோடு பேசும்போது 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்றால் எந்த நாட்டினருக்கும் உடனே புரியும்.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியவை. தள்ளிப்போடும் பொருளில், தள்ளப்படும் பொருளை 'ஆஃப்' என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம்: 'புட் த மீட்டிங் ஆஃப்' என்றாலும் சரி, 'புட் ஆஃப் த மீட்டிங்' என்றாலும் சரி. ஆனால் அந்தப் பொருளின் பெயருக்குப் பதில் 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால், அது நடுவில்தான் நிற்க வேண்டும்; 'புட் இட் ஆஃப்' என்பதே சரி, 'புட் ஆஃப் இட்' என்று ஒருபோதும் எழுதக் கூடாது. அடுத்து ஒரு வினை வந்தால் அது 'இங்' ஏற்று வரும். சரக்கு அனுப்புவதைத் தள்ளிப்போட்டோம் என்பதற்கு 'வீ புட் ஆஃப் சென்டிங் த கூட்ஸ்' என்று எழுத வேண்டும். தமிழில் 'அனுப்ப' என்று நினைத்துக்கொண்டு 'டு சென்ட்' என்று எழுதுவது நம்மவர் கடிதங்களில் நான் அடிக்கடி திருத்தும் பிழை.

இதைவிட முக்கியமானது, எந்தச் சொல்லை எப்போது எழுதுவது என்பது. உங்கள் முதலாளியின் அறிவுரையையும் இங்கேதான் எடை போட வேண்டும். அவர் சொல்வதில் பாதி சரி. தாமதத்தைத் தெரிவிக்கும் அலுவல் கடிதத்தில் 'போஸ்ட்போன்' என்பதே பொருத்தமானது. ஒப்பந்தம், கட்டணம் தொடர்பான இடங்களில், ஒத்திவைத்தல் என்ற பொருளில் 'டிஃபர்' என்பதும் வரும். காரணம், 'புட் ஆஃப்' என்பதில் பல இடங்களில் தயக்கத்தின் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும். பல் மருத்துவரிடம் போவதைப் 'புட் ஆஃப்' செய்துகொண்டே இருந்தேன் என்றால், பயந்தோ சோம்பியோ தள்ளிப்போட்டேன் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் ஷிப்மென்ட்டைப் 'புட் ஆஃப்' செய்துவிட்டோம் என்று நீங்கள் எழுதினால், உங்கள் வேலையைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை என்பது போன்ற தொனி அதில் வந்துவிடலாம். 'போஸ்ட்போன்' என்பதற்கு அந்தச் சாயல் இல்லை. ஆனால் நீங்கள் எழுதாமல் இருந்துவிடலாமே தவிர, பையர் எழுதுவதைத் தடுக்க முடியாது. அவர் எழுதும் வரியைப் படித்துப் புரிந்துகொள்ள இந்த வினைகள் உங்களுக்கு வேண்டும். அந்தப் பாதியில் முதலாளியோடு நான் உடன்படவில்லை.

ஏற்றுமதி வேலையில் இருப்பதால், இதனோடு குழம்பக்கூடிய நெருங்கிய உறவுகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ஒரு தவறு நேர்ந்தால் அது தேதியிலும் பணத்திலும் போய் முடியும். 'கால் ஆஃப்' என்றால் அடியோடு ரத்து செய்தல். இன்ஸ்பெக்‌ஷனைக் 'கால் ஆஃப்' செய்துவிட்டார்கள் என்று வந்தால் வேறு தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 'ஹோல்ட் ஆஃப்' என்றால் மறுதகவல் வரும் வரை தொடங்காமல் பொறுத்திருத்தல்; துணி வெட்டுவதை 'ஹோல்ட் ஆஃப்' செய்யச் சொன்னால் கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும். 'புஷ் பேக்' என்று தேதியைப் பற்றி எழுதினால் தேதி பிந்திப்போகிறது. 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் தேதி முந்துகிறது. பத்தாம் தேதி ஐந்தாம் தேதியாகிறது. 'ஃபார்வர்ட்' என்பதைப் பார்த்ததும் நாள்காட்டியில் முன்னோக்கிப் போவதாக எண்ணி, கூடுதல் நாள் கிடைத்தது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. தேதியை முந்தச் செய்வதற்கு இந்தியாவில் நாம் சொல்லும் 'பிரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்றுள்ள சொல்தான். அழகான, தேவையான சொல் என்பதே என் கருத்தும். ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதைக் கேள்விப்படாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டுப் பையருக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதி, பக்கத்தில் பழைய தேதியையும் புதிய தேதியையும் குறிப்பிட்டுவிடுங்கள். தேதி கண்ணுக்கு எதிரே இருக்கும்போது எந்த வினையும் யாரையும் ஏமாற்றாது.

எப்படி நினைவில் வைப்பது என்பதற்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன். ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்ட அகராதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆங்கிலம்–தமிழ் அகராதி மட்டும் போதாது. அப்படிப்பட்ட அகராதிகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது, ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்தில் உருவாக்கி, 1942-இல் அங்கேயே வெளியான அகராதி. அதுவே பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகத் தொடர்ந்து வருகிறது. இவற்றில் 'புட் ஆஃப்' என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். ஓரிடத்தில் 'புட் சம்திங் ஆஃப்' என்றும், இன்னோரிடத்தில் 'புட் சம்படி ஆஃப்' என்றும், அதன் கீழே 'புட் சம்படி ஆஃப் சம்திங்' என்றும் தனித்தனியே இருக்கும். 'சம்திங்' இருந்தால் பொருள் அல்லது நிகழ்ச்சி, 'சம்படி' இருந்தால் மனிதர். சில பதிப்புகளில் இடம் கருதி இவற்றை 'எஸ்.டி.எச்.' என்றும் 'எஸ்.பி.' என்றும் சுருக்கியிருப்பார்கள். நம்மில் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் அந்தச் சின்னஞ்சிறு எழுத்துகளில்தான், நான் மேலே சொன்ன 'விலக்கப்படுவது எது' என்ற கேள்விக்கு விடை அச்சாகியிருக்கிறது. இரு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி ஒன்றும் இடையில் தெரியும். செயப்படுபொருளை 'ஆஃப்' என்பதற்கு முன்னும் பின்னும் மாற்றி வைக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

குறிப்பேட்டில் எழுதும்போதும் வினையைத் தனியே எழுதாதீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே வந்த வரியை முழுதாக எழுதி, அதன் கீழே நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே தமிழில் எழுதுங்கள். பையரின் இந்த வரி உங்களுக்கு இனி மறக்கப் போவதில்லை. முதல் பக்கத்தில் அதையே எழுதலாம். 'லுக் ஆஃப்டர்' என்ற வினை வரும்போது, 'பார்' என்பதும் 'பின்னால்' என்பதும் சேர்ந்து எப்படிப் பராமரிப்பு ஆயிற்று என்று திகைக்காமல், 'குழந்தையைப் பார்த்துக்கொள்' என்று நாம் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதும் கொள்வதும் சேர்ந்து நம்மிடமும் பராமரிப்புத்தானே ஆகியிருக்கிறது? தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் 'ஏற்றுக்கொள்', 'விட்டுக்கொடு', 'ஒத்துப்போ' என்பவற்றில் எவ்வளவு தடுமாறுகிறார்களோ, அவ்வளவுதான் நாமும் அங்கே தடுமாறுகிறோம். இந்த வகை வினையை இரண்டு வயதிலிருந்தே வாயில் வைத்துப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தின் கூட்டு வினைகள் முற்றிலும் அந்நியமானவை என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக, பையருக்கு இன்றே எழுத வேண்டிய கடிதம். முதலாளி தொலைபேசியில் பேசியிருந்தாலும், தவறான வரி உங்கள் பெயரில் போயிருப்பதால் திருத்தமும் உங்கள் பெயரிலேயே போவதுதான் முறை. நீண்ட விளக்கம் வேண்டாம். 'வீ ஆர் சாரி தட் த ஸ்மெல் ஆவ் த செகண்ட் செட் புட் யூ ஆஃப்' என்று தொடங்குங்கள். அவருடைய வினையையே எடுத்து, 'யூ' என்பதை நடுவில் வைத்து எழுதும்போது, அவர் சொன்னதை இப்போது சரியாகப் புரிந்துகொண்டீர்கள் என்பது அவருக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அடுத்து, 'ஐ மிஸ்அண்டர்ஸ்டுட் யுவர் மெசேஜ், அண்ட் மை ரிப்ளை வாஸ் ராங்' என்று நேராக ஒப்புக்கொள்ளுங்கள். வாடை கறை எடுக்கும் திரவத்தால் வந்தது என்பதையும், துணியை மறுபடி அலசிக் காற்றாட உலர்த்திப் புதிய சாம்பிள் அனுப்புகிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். வேலையை நான்கு நாள் நிறுத்தி வைத்ததை மறைக்க வேண்டாம். மீண்டும் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்து எழுதி, சாம்பிள் அவர் கைக்கு எந்தத் தேதியில் கிடைக்கும் என்று குறிப்பிடுங்கள். 'சூன்' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். உற்பத்திப் பிரிவில் கேட்டு, முடியக்கூடிய நாளை உறுதி செய்துகொண்டு, நாளையும் மாதத்தையும் முழுதாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர்